எல்விரா ஏறிய விமானம்

சால்ட்டோ,
டிசம்பர் 11

என் அன்பு மகள் மரியனேலாவுக்கு,

நீயும் மருமகன் ஆண்டர்ஸும் பேத்தி ஸ்டினாவும் அந்தக் கோதென்பர்க் குளிரிலும் சளி, இருமல் அண்டாமல் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் உன் அப்பாவும் டிசம்பர் வெயிலில் வெந்துகொண்டு சுகமாகத்தான் இருக்கிறோம். போன் இருக்கும்போது அம்மா ஏன் காகிதத்தை எடுத்தாள் என்று யோசிப்பாய். போனில் நான் பேச ஆரம்பித்தால் உன் அப்பா பின்னாலிருந்து தலையை நீட்டி, தன் நாவல் எந்த அத்தியாயத்தில் நிற்கிறது என்று சொல்லத் தொடங்கிவிடுகிறார், பிறகு குழந்தை அழுகிறது, நீ வைத்துவிடுகிறாய். நான் சொல்ல வேண்டியது கொஞ்சம் நீளம். முழுதாகச் சொல்லாமல் பாதியில் நிறுத்தினால் நீ பயந்துபோவாய், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அப்பா ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தது உனக்குத் தெரியும். பேருந்து நிலையத்தில் வாழ்நாள் முழுக்கக் கால அட்டவணை போட்டவர் வீட்டில் சும்மா இருப்பாரா, முதல் வாரமே குளிர்பெட்டியின் கதவில் ஓர் அட்டவணை ஒட்டிவிட்டார். தொப்பையைக் குறைக்க நடை, அக்கார்டியன் கற்றுக்கொள்ளுதல், குளியலறைக்குப் புது ஓடு பதித்தல், எல்லாவற்றுக்கும் நேரம், நிமிடம், தாமதமானால் அடுத்தது எப்போது என்பது வரை குறித்திருந்தார். நான் அதை மேலிருந்து கீழ்வரை படித்தேன். பேத்தியைப் பார்க்கப் போவது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அது அடுத்த அட்டவணையில் வரும், முதலில் இவையெல்லாம் முடியட்டும் என்றார். நீ கருவுற்றிருந்தபோதும் இதையே சொன்னார், அப்போது ஓய்வு பெற்ற பிறகு என்றார். அவர் குளியலறையின் பழைய ஓடுகளை உடைத்து எடுத்தார். உடைக்கிற வேலை மட்டும் அட்டவணைக்கு முன்பாகவே முடிந்தது. அன்றிலிருந்து நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டு ரொட்டிக்கடை ஒஃபேலியாவின் வீட்டில் குளிக்கிறேன், அவள் ரொட்டி அடுப்பு எரிகிற நேரத்தில் போனால் தண்ணீர் நன்றாகச் சுடுகிறது.

இந்த நிலையில்தான் நம் ஊர் வாசகர் மன்றத்துக்குத் தலைநகர் மான்டெவிடேயோவிலிருந்து கிரிசெல்டா அம்மாள் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவராம், கழுத்தில் மூன்று சால்வை, இந்த வெயிலிலும். நவம்பர் முப்பது நாளில் ஆளுக்கொரு நாவல், ஐம்பதாயிரம் சொல், முடித்தவர்களுக்குச் சான்றிதழ் என்று அறிவித்தார். நன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை, யாரும் படித்துப் பார்க்கப்போவதும் இல்லை, எண்ணிக்கை மட்டும் வர வேண்டும். உன் அப்பாவுக்கு இதைவிடப் பிடித்த இலக்கியம் உலகத்தில் உண்டா. அன்று மாலையே அட்டவணையில் நாவல் ஏறியது. மற்றவை எதுவும் இறங்கவில்லை.

அவர் இரண்டு விரலால் தட்டுவதைப் பார்த்தால் அடுத்த நவம்பர்கூடப் போதாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நோட்டரி அலுவலகத்தில் இத்தனை வருடம் தட்டச்சு செய்த கை வீட்டில் சும்மாதானே இருக்கிறது என்று அவரும் கண்டுபிடித்தார். காலை ஒன்பதரைக்கு நான் நீ விட்டுப்போன கணினியின் முன்னால் உட்காருவேன். அவர் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நடப்பார், அது தொப்பைக்கு. அக்கார்டியனைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பார், அது கலைக்கு. ஒரு வாக்கியம் சொல்வார், ஒரு தரம் அமுக்குவார், ஒஃபேலியாவின் நாய் ஊளையிடும், அடுத்த வாக்கியம் சொல்வார். ஒரே கல்லில் எத்தனை மாங்காய் என்று அவருக்குப் பெருமை, ஆனால் அந்த மாதத்தில் தொப்பை இரண்டு துளை வெளியே போனதை இடுப்பு வார் சொல்கிறது.

நாவல் என்னவென்றால், கான்ஸ்டான்சியோ பெரேரா தா சில்வா என்ற ஒரு துணிச்சல்காரன். ஒரு தடவைகூட அவனை 'அவன்' என்று எழுதக் கூடாது, முழுப் பெயரும் வர வேண்டும், நான்கு சொல் ஆயிற்றே. கான்ஸ்டான்சியோ சாப்பிட்டால் அது சமைக்கப்பட்ட விதம் உப்பு முதல் வரும். கோயிலுக்குப் போனால் பாதிரியார் பூசையை முழுதாகச் செய்வார். எட்டாம் அத்தியாயத்தில் அவன் தலைநகருக்குப் போனான், உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டு சால்ட்டோவிலிருந்து ஒவ்வொரு நிறுத்தமாகச் சொன்னார், வருகிற நேரம், புறப்படுகிற நேரம், ஞாயிற்றுக்கிழமை மாற்றம் எல்லாம். நான் மறுத்துச் சொன்னேன். உடனே கிரிசெல்டா அம்மாளின் பாடம் வந்தது. எழுதுகிறவனுக்குள் குறை சொல்கிற கிழவன் ஒருவன் இருப்பானாம், அவனைக் காது கொடுத்துக் கேட்கக் கூடாதாம், எழுதியதைத் திரும்பிப் படிக்கவும் கூடாதாம். அந்தக் கிழவன் நான்தான் என்று உன் அப்பா முடிவு செய்துவிட்டார்.

கான்ஸ்டான்சியோவுக்கு ஒரு மனைவி உண்டு, எல்விரா. பன்னிரண்டு அத்தியாயம் அவள் என்ன செய்தாள் தெரியுமா, மாத்தே கொண்டுவந்து கொடுத்தாள். வெந்நீர்க் குடுவையை எடுத்து வந்தாள், சுரைக்குடுக்கையில் இலையைப் போட்டு ஊற்றினாள், பார்த்துப் போங்க என்றாள். அவ்வளவுதான். அவளுக்கு முழுப் பெயர்கூட இல்லை, சொல் கூடும் என்றிருந்தும் அவருக்குத் தோன்றவில்லை. ஒருநாள் அவர் நடந்து களைத்துச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தார், எல்விரா சமையலறையிலிருந்து வந்தாள் என்று சொன்னார், தூங்கிவிட்டார். அக்கார்டியன் மட்டும் அவர் வயிற்றின் மேல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. நான் காத்திருந்தேன். எல்விராவும் குடுவையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே இருந்தாள். பாவமாக இருந்தது. அவளை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தேன். உட்கார்ந்தவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அங்கே என்ன தெரிந்தது என்று எழுதினேன். அவர் விழித்தபோது மூன்று பக்கம் ஆகியிருந்தது. எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, இன்னைக்கு எனக்கு நல்லா ஓடுச்சுல்ல என்றார்.

அதற்குப் பிறகு அவர் தூங்கத் தூங்க நாவல் நன்றாக வளர்ந்தது. மதியம் இறைச்சியைக் கொஞ்சம் கனமாகவே சமைத்தேன் என்பதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன். எல்விரா ரொட்டி வாங்கப் போய் ஆற்றங்கரை வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தாள். ஆரஞ்சுத் தோப்பில் யாரும் இல்லாதபோது சத்தமாகப் பாடினாள். எங்கோ பனி பெய்கிற தேசத்தில் அவளுக்கு ஒரு மகள், அந்த மகளுக்கு ஒரு குழந்தை. குழந்தைக்குப் பல் முளைத்ததை எல்விரா கண்ணாடித் திரையில்தான் பார்த்தாள், முளைத்த பல்லை விரலால் தடவிப் பார்க்க அவளுக்கு ஆசை. ஒரு சிக்கல் மட்டும் வந்தது. நான் அவளை வெளியே அனுப்பிவிட்டேன், அவரோ விழித்திருக்கும் நேரத்தில், எல்விரா மாத்தே கொண்டுவந்தாள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதையெல்லாம் 'கான்ஸ்டான்சியோ பெரேரா தா சில்வா தானே எழுந்து போய் எடுத்துக்கொண்டான்' என்று மாற்றி அடித்தேன். சொல்லும் கூடியது.

மாதம் முடிய ஒருநாள் இருக்கும்போதே ஐம்பதாயிரம் தாண்டிவிட்டது. இருபத்தொன்பதாம் தேதி ஆயிற்றே, மாதாமாதம் போல உருளைக்கிழங்கு நியோக்கி செய்திருந்தேன், பணம் சேரட்டும் என்று தட்டுக்கடியில் நாணயம் வைக்கிற வழக்கத்தைக்கூட மறந்து, ஒரு நாவலாசிரியன் சாப்பிடுவது போலச் சாப்பிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் மன்றத்தில் விழா. முடித்தவர்கள் ஏழு பேர். ஆளுக்கு ஒரு பக்கம் வாசிக்க வேண்டும், எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுப் போட்டு எடுப்பார்கள் என்று கிரிசெல்டா அம்மாள் சொன்னார். பேருந்து அட்டவணை வர வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. அப்பா சீட்டை எடுத்தார், பக்கத்தைப் புரட்டினார், நிலையத்தில் பேருந்து புறப்படுவதை அறிவிக்கிற அந்தக் குரலில் ஆரம்பித்தார்.

எல்விரா பெட்டியை மூடினாள். எல்லாம் முடிந்த பிறகு போகலாம் என்று கான்ஸ்டான்சியோ பெரேரா தா சில்வா சொன்னான். எல்லாம் என்பது எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை. இத்தனை வருடம் கேட்டாயிற்று. இப்படிப் போகும் அந்தப் பக்கம். இரண்டாவது வரியில் அவர் குரல் இறங்கியது. நான்காவது வரியில் ஒருதரம் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். அவர் நிறுத்திவிடலாம், ஆனால் பாதி வழியில் பயணிகளை இறக்கிவிடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. எல்விரா விமான நிலையத்தில் உட்கார்ந்திருப்பது வரைக்கும், அவள் கணவனை நினைத்து அழாமல், அவன் மாத்திரை சாப்பிட்டானா என்று மட்டும் யோசிப்பது வரைக்கும் வாசித்து முடித்தார். ஒஃபேலியா முந்தானை போல மடியில் கிடந்த துணியில் மூக்கைத் துடைத்தாள். கிரிசெல்டா அம்மாள் எழுந்து மூன்று சால்வையோடும் அவரைக் கட்டிக்கொண்டு, "எப்படிங்க மில்ட்டன், ஒரு பொம்பளை மனசு உங்களுக்கு இவ்வளவு தெரிஞ்சிருக்கு?" என்று கேட்டார்.

அவர் கூட்டத்துக்கு மேலாக என்னைப் பார்த்தார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. "கூட இருந்து பார்த்ததுதாங்க" என்றார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. சான்றிதழோடு, பெண் விடுதலைக்காகப் பேசிய படைப்பு என்று தனியாக ஒரு கோப்பையும் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு ஆற்றங்கரைச் சாலை வழியாக நடந்தோம். அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். ஐம்பதாயிரம் சொல் சொன்ன மனிதர் ஒன்றுகூடச் சொல்லாமல் வந்தது எனக்குத் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. படகுத்துறை தாண்டியதும், "அவ திரும்பி வர்றாளா?" என்று கேட்டார். அந்த இடத்துக்கு நான் இன்னும் வரவில்லை என்றேன். இன்னும் கொஞ்ச தூரம் நடந்தோம். "எனக்கு விமானத்துல ஏற பயம், நிபியா. கோதென்பர்க்குக்கு ஒரு பஸ் விட்டாங்கன்னா நாளைக்கே கிளம்பிடுவேன்" என்றார். முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்த எனக்கு இது தெரியாது, மகளே. தொப்பையும் அக்கார்டியனும் குளியலறை ஓடும் எதற்காக அப்படி வரிசையில் நின்றன என்று அப்போதுதான் புரிந்தது. இதை முதலிலேயே சொல்லியிருந்தா நான் தனியா போயிட்டு வந்திருப்பேனே என்றேன். அதனாலதான் சொல்லலை என்றார்.

மறுநாளிலிருந்து அவரால் ஊரில் நடக்க முடியவில்லை. சதுக்கத்தில் பெண்கள் நிறுத்திக் கன்னத்தில் முத்தம் கொடுக்கிறார்கள். ஒஃபேலியா அவருக்கு ரொட்டி இலவசம் என்று அறிவித்துவிட்டாள். முடிவெட்டுகிற இடத்தில் மட்டும் ஆண்கள் அவரிடம் சரியாகப் பேசுவதில்லையாம், அவரவர் வீட்டில் அவரவர் மனைவி ஏதேதோ கேட்க ஆரம்பித்துவிட்டார்களாம். அவரும் நாளுக்கு நாள் நிமிர்ந்து நடக்கிறார். புதன்கிழமைக்குள் எல்விராவைப் பற்றி ஒரு சிறு சொற்பொழிவே தயாராகிவிட்டது, பெண்ணைக் கட்டிப்போடுவது நாகரிகம் இல்லை என்று அதில் ஒரு வரி வருகிறது. அந்த வரியை அவர் ஒஃபேலியாவின் கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் நான் உள்ளே போய், எனக்கு விமான டிக்கெட் எடுக்கப் போகிறேன், எடுக்கிற இடம்வரை கூட வருகிறீர்களா என்று கேட்டேன். கடை முழுக்கப் பெண்கள். அவர் வேறென்ன சொல்ல முடியும், தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார்.

ஆக, ஜனவரி பதினாறாம் தேதி நான் மட்டும் அங்கே இறங்குகிறேன். மூன்று மாதம் இருப்பேன். போனில் சொன்னால் பனி, வழுக்கும், தனியாக எப்படி என்று நீ தடுப்பாய், அதனால்தான் எடுத்த பிறகு எழுதுகிறேன். ஆண்டர்ஸுக்குப் பால் பாகு பிடிக்கும் அல்லவா, நான்கு புட்டி கொண்டுவருகிறேன். எனக்கு ஒரு தடித்த கோட்டும் உன் அளவில் ஒரு ஜோடிப் பூட்சும் எடுத்து வை, வாங்க வேண்டாம், யாரிடமாவது இரவல் கிடைத்தால் போதும். நீ வேலைக்குத் திரும்பிப் போகும்போது குழந்தை, படிப்பு, வீடு எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்கப் பார்க்காதே, உனக்கு அப்பாவின் ரத்தம், ஜாக்கிரதை.

அவரை நினைத்துக் கவலைப்படாதே. போவதற்கு முன்னால் எல்விரா திரும்பி வருகிற அத்தியாயத்தை எழுதி வைத்துவிட்டுப் போ என்று கேட்டார். நான் தட்டச்சு செய்கிறவள்தான், நீங்கள் சொல்லுங்கள் என்றேன். நேற்றுக் காலை மேசையருகே உட்கார்ந்தார், நடக்கவில்லை, அக்கார்டியனையும் தொடவில்லை. அவள் வரும்வரை கான்ஸ்டான்சியோ என்ன சாப்பிட்டான் என்று சொல்ல வேண்டாமா என்று கேட்டார். சொல்லத்தான் வேண்டும் என்றேன். எழுந்து சமையலறைக்குப் போய் வெங்காயம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். இன்றைக்கு அவர் செய்த கஞ்சியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், அடிப்பிடித்திருந்தது, இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

கடவுள் உங்கள் மூவரையும் குளிரிலிருந்தும் நோவிலிருந்தும் காத்து, நான் வந்து சேரும்வரை நல்லபடியாக வைத்திருக்கட்டும். ஸ்டினாவுக்கு என் முத்தங்கள், மருமகனுக்கு ஆசிகள். ஞாயிற்றுக்கிழமை அப்பா போனில் பேசும்போது மறக்காமல் ஒன்று கேள். அந்த எல்விரா உங்களுக்கு எப்படித் தோன்றினாள் என்று கேள். நிச்சயம் நிறையச் சொல்வார். நடுவில் நிறுத்தாதே, சொல்வதை ஒன்றுவிடாமல் கேட்டு வை. எனக்கும் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.

உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
நிபியா