முப்பத்திரண்டு சென்டிமீட்டர்

9 ஜூன் 2025, திங்கள்

இருபத்திரண்டு வரிதான் வந்தது. அரை மணி நேரத்தில் நாற்பது வரி வேண்டும்.

ஸ்டோர்ஸில் டேட்டா என்ட்ரி செய்துகொண்டிருந்தவர் போய்விட்டார். அந்த இடத்துக்கு 27ஆம் தேதி டெஸ்ட். பாஸ் ஆனால் வேலை. ஆகாவிட்டால் ஜூன் முடிந்ததும் வர வேண்டாம் என்று எச்.ஆர். விஜயராகவன் சார் சொல்லிவிட்டார். "பத்து மாசமா உங்கள பேக்கிங்ல வெச்சிருக்கோம் மதிவதனி" என்றார். வெச்சிருக்கோமாம். நான் என்ன, கால் உடைந்த ஸ்டூலா?

ஒரு வரிக்கு மூன்று எழுத்து, எட்டு எண், பிறகு எத்தனை பீஸ் என்ற கணக்கு. எழுத்துகள் கீபோர்டின் இடது பக்கம், எண்கள் வலது கோடியில். என் வலது கை முழுதாக இருக்கிறது. இடது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும். எதிர்வீட்டு ஐஸ்வர்யாவின் கம்ப்யூட்டரில்தான் பழகுகிறேன். அவளுடைய கீபோர்டை அளந்து பார்த்தேன், நாற்பத்து நான்கு சென்டிமீட்டர். ஒற்றைக் கை அதில் ஷேர் ஆட்டோ மாதிரி போய் வந்துகொண்டிருக்கிறது.

11 ஜூன், புதன்

இருபத்து நான்கு. தோள்பட்டை விண்விண்ணென்று தெறிக்கிறது.

15 ஜூன், ஞாயிறு

ஸ்ரீபெரும்புதூரில் தணிகாசலம் கடைக்குப் போனேன். கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. பழைய கீபோர்டுகளைச் சுவரில் வரிசையாக மாட்டி வைத்திருக்கிறார். நான் பையிலிருந்து ஸ்கேலை எடுத்ததும் சிரித்தார்.

"இன்னாம்மா, ஸ்கேலோட வந்துகீற? கீபோர்டுக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா?"

இடது கையை மேஜைமேல் வைத்தேன். அவர் ஐயோ என்று சொல்லவில்லை. "பிரஸ்ஸா, கன்வேயரா?" என்று கேட்டார். எந்த ஊர் என்று கேட்பதுபோல. இந்தப் பக்கம் அதுவும் அப்படி ஒரு கேள்விதான்.

"பிரஸ்."

"சரி, உக்காரு. இன்னா வேலைக்குன்னு சொல்லு. அளவு அப்புறம் பாக்கலாம்."

முதலில் இருப்பதிலேயே சின்னதை எடுத்துக் கொடுத்தார். இருபத்தொன்பது சென்டிமீட்டர். கையை நகர்த்தவே வேண்டாம், எல்லாம் விரலுக்குக் கீழேயே இருந்தது. இதுதான் என்று நினைத்துவிட்டேன். பிறகு பார்த்தால் அதில் அம்புக்குறிச் சாவிகளே இல்லை. கீழ் வரிக்குப் போக ஒரு ஓரத்துச் சாவியை அழுத்திக்கொண்டே இன்னொன்றைத் தட்ட வேண்டும்.

"ரெண்டு கை கேக்குதுண்ணா."

"அப்ப அது ஒனக்கு வேணாம். சின்னதா இருந்தா மட்டும் சுலபம்னு எவன் சொன்னது?"

எண் பகுதியை ஒட்டிவைத்த இன்னொன்று, முப்பத்தெட்டு சென்டிமீட்டர். மறுபடியும் ஷேர் ஆட்டோ. கடைசியில் முப்பத்திரண்டு சென்டிமீட்டரில் ஒன்று. அம்புக்குறி இருக்கிறது, எண் பகுதி இல்லை. அதோடு உள்ளங்கை அளவில் தனியாக ஓர் எண்பலகை. எண்பலகையை நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டு கீபோர்டை இடது பக்கம் தள்ளினேன். இடது சுண்டுவிரலுக்கு டேப் சாவி எட்டியது. அடுத்த கட்டத்துக்கு அது தாண்டட்டும், மற்றதை வலது கை பார்த்துக்கொள்ளும்.

அந்த விரலுக்கு இத்தனை மாதம் கழித்து ஒரு வேலை கிடைத்தது. கடையில் உட்கார்ந்து அழுதுவிடுவேனோ என்று இருந்தது.

"எட்துனு போ, அடிச்சுப் பாரு. சாவியெல்லாம் தேச்சுட்டு வந்து வேணாம்னு மட்டும் நிக்காத" என்றார்.

17 ஜூன், செவ்வாய்

எழுதித் தொலைத்துவிடுகிறேன். இந்த நோட்டில் இதை நான் இதுவரை எழுதவில்லை.

பிரஸ் என்றால் தகட்டை அழுத்தி வெட்டும் மெஷின். அதில் இரண்டு பச்சைப் பட்டன்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாக அழுத்தினால்தான் மேல்பாகம் இறங்கும். இரண்டு கையும் வெளியே இருக்கட்டும் என்றுதான் அப்படி வைத்திருக்கிறார்கள். அப்படி ஓட்டினால் மணிக்கு முந்நூறு பீஸ். அவர்கள் கேட்பது நானூறு. அதனால் அட்டையை மடித்து இடது பட்டனில் செருகிவிடுவோம். அப்போது இடது கையால் பீஸைத் தள்ளிக்கொண்டே இருக்கலாம். லைனில் எல்லாருமே செருகுவார்கள். ஆடிட் வந்தால் அட்டையை எடுத்துவிடுங்கள் என்று சூப்பர்வைசரே முந்தின நாள் சொல்லிவிடுவார்.

விரல்கள் போன அன்றைக்கு அட்டையை மடித்தது நான்தான். என் டிபன் பாக்ஸோடு வந்த அட்டை. யாரும் என் கையைப் பிடித்துச் செருகவில்லை. ஆனால் நானூறு என்று போர்டில் எழுதியது யார்?

ஆஸ்பத்திரியில், எங்களை வேலைக்கு அனுப்பும் கான்ட்ராக்டரின் ஆள் "பைக் செயின்ல மாட்டிக்கிச்சு" என்று எழுதிக் கொடுத்தான். எனக்கு பைக் ஓட்டவே தெரியாது.

20 ஜூன், வெள்ளி

முப்பத்தைந்து.

24 ஜூன், செவ்வாய்

நாற்பத்து மூன்று. இரண்டு தடவை அடித்துப் பார்த்துவிட்டேன். நாற்பத்து மூன்றேதான்.

27 ஜூன், வெள்ளி

கீபோர்டைச் செருகினேன். விளக்கு எரியவில்லை. ஸ்டோர்ஸ் இன்சார்ஜ் ராஜலட்சுமி மேடம் குனிந்து பார்த்துவிட்டு, "வெளிப் பொருள் எதுவும் இதுல வேலை செய்யாதும்மா, லாக் பண்ணி வெச்சிருக்காங்க" என்றார். அவர்களுடைய நாற்பத்து நான்கு சென்டிமீட்டரில் அடித்தேன். இருபத்தாறு வரி.

மேடம் நல்லவர். "லாக் எடுக்க ஒரு ஃபார்ம் இருக்கு. திங்கட்கிழமை எச்.ஆர். கையெழுத்து வாங்கிட்டு வா, மறுபடி வெக்கிறேன்" என்றார்.

30 ஜூன், திங்கள்

ஃபார்மில் ஒரே ஒரு கேள்வி. தனிக் கீபோர்டு எதற்காகத் தேவைப்படுகிறது?

'பணியிட விபத்து' என்று எழுதினேன். விஜயராகவன் சார் படித்துவிட்டு வேறொரு புது ஃபார்மை எடுத்து வைத்தார்.

"ஆஸ்பத்திரி பேப்பர்ல வேற மாதிரி இருக்கு. இதுல ஏன் வம்பு? பிறவியிலேயேன்னு போட்டுடுங்க."

"சார், எனக்கு…"

"யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. கஸ்டமருக்குப் போற ரிப்போர்ட்லயும் மாற்றுத்திறனாளி ஒருத்தருக்கு வேலை குடுத்திருக்கோம்னு காட்டலாம். உங்களுக்கும் நல்லது, எங்களுக்கும் நல்லது."

அவர் மிரட்டவில்லை. பேனாவின் மூடியைக்கூடக் கழற்றிக் கொடுத்தார். என்னால்தான் ஒரு கையில் கழற்ற முடியாதே.

எழுதினேன். பிறவியிலேயே. ஆறெழுத்து.

லாக் எடுத்தார்கள். நாற்பத்தாறு வரி. வேலை கிடைத்துவிட்டது.

1 ஜூலை, செவ்வாய்

அம்மாவிடம் சொன்னேன். மண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனி கேன்டீனில் பாத்திரம் கழுவிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். முதலில் சந்தோஷப்பட்டாள். ஃபார்மைப் பற்றிச் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"பொறந்தப்போ நர்ஸம்மா துணியப் பிரிச்சு, எண்ணிக்கோ முனியம்மான்னு சொல்லிச்சு. கை வெரலு, கால் வெரலு எல்லாம் எண்ணிட்டுத்தான்டி கையில வாங்குனேன். நான் கொறையா பெத்தேன்னு எவன்டி எழுதறது?"

"நான்தாம்மா எழுதினேன்."

அதற்குப் பிறகு பேசவில்லை. எனக்கும் சோறு போட்டாள். தட்டை மட்டும் என் பக்கம் பார்க்காமல் வைத்தாள்.

4 ஜூலை, வெள்ளி

அம்மா இன்னும் பேசவில்லை.

12 ஜூலை, சனி

வேலை பழகிவிட்டது. ஒரு நாளைக்கு அறுநூறு வரி. தப்பே இல்லை என்கிறார் மேடம். நோட்டீஸ் போர்டில் என் போட்டோ. கீழே 'திறமைக்குத் தடையில்லை'. போட்டோ எடுக்கும்போது இடது கையை நன்றாகத் தெரிகிற மாதிரி வைக்கச் சொன்னார்கள். பத்து மாதம் ஸ்டிக்கர் ஒட்டியபோது அதே கையை மேஜைக்குக் கீழே வைத்துக்கொள்ளச் சொன்னவர்கள்.

20ஆம் தேதி குடும்ப நாள். வீட்டில் ஒருவரைக் கட்டாயம் கூட்டி வர வேண்டுமாம். அம்மாவிடம் சொன்னேன். "வரேன்" என்றாள். பதினோரு நாளில் முதல் வார்த்தை.

20 ஜூலை, ஞாயிறு

அம்மா பச்சைப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். பிரஸ் ஷாப்பை ஓரமாகச் சுற்றிக் காட்டினார்கள். விடுமுறை என்பதால் மெஷின்கள் நின்றிருந்தன. "எது?" என்று மெதுவாகக் கேட்டாள். மூன்றாம் நம்பரைக் காட்டினேன். செத்த ஆளைக் கிடத்திய இடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

ஸ்டோர்ஸில் என்னை அடித்துக் காட்டச் சொன்னார்கள். எங்கள் பீஸ்களை வாங்கும் கஸ்டமர் கம்பெனியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். விஜயராகவன் சார் கூடவே. நான் அடிப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அம்மாவின் தோளில் கை வைத்து, "பிறந்ததிலிருந்தே இப்படியாம்மா? எவ்வளவு கஷ்டப்பட்டு வளர்த்திருப்பீங்க" என்றார்.

என் விரல்கள் நின்றுவிட்டன. அம்மா என்னைப் பார்த்தாள். சாரைப் பார்த்தாள்.

"ஆமாம்மா. பொறக்கசொல்லவே இப்டித்தான். என் வவுத்துல கோளாறு."

சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த அதிகாரி அம்மாவின் கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார்.

பஸ்ஸில் வரும்போது, "வேல போவாது இல்ல?" என்று மட்டும் கேட்டாள்.

21 ஜூலை, திங்கள்

நான் எழுதியது ஒரு கட்டத்தை நிரப்ப. அவள் சொன்னது அவள் வயிற்றைப் பற்றி. என் வேலைக்காக அவள் தன்னையே பழுதானவள் ஆக்கிக்கொண்டாள். யார் வயிற்றிலடா கோளாறு? போர்டில் நானூறு எழுதியவன் வயிற்றிலா, என் அம்மா வயிற்றிலா?

முந்நூறு வரிகூட ஓடவில்லை. ஏழு தப்பு. மேடம், உடம்பு சரியில்லையா என்றார்.

23 ஜூலை, புதன்

நேற்று லீவு போட்டுவிட்டு ஐஸ்வர்யா வீட்டில் உட்கார்ந்து அடித்தேன். தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு, இரண்டு பக்கம். தேதி, மெஷின் நம்பர், நானூறு, அட்டை. அட்டையை மடித்தது நான் என்பதையும் எழுதினேன். ஃபார்மில் எழுதியது பொய் என்பதையும். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். முதலில், "வேல போச்சுன்னா?" என்றாள். கொஞ்சம் கழித்து, "பத்து வெரலும் இருந்துச்சுன்னு சேத்து எழுது" என்றாள். சேர்த்தேன்.

இன்று காலை தபாலில் பதிவு செய்து அனுப்பிவிட்டு ஷிஃப்டுக்குப் போனேன். அறுநூற்றுப் பதினெட்டு வரி. தப்பில்லை.

மாலை கிளம்பும்போது கீபோர்டையும் எண்பலகையையும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். "ஏம்மா, தினமும் இங்கயேதானே வெச்சுட்டுப் போவ?" என்றார் மேடம். துடைக்க வேண்டும் என்று சொன்னேன். கேட்டில் என் கார்டு இனி எந்த நாளும் வேலை செய்யாமல் போகலாம். கீபோர்டு உள்ளே மாட்டிக்கொள்ளக் கூடாது.