என்னைச் சாக்கு வைத்து வராதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே என் உடம்புக்குக் குறையொன்றும் இல்லை, இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தால் முகம் சுளிக்கிறது. நீ சுகமா என்று கேட்டால் சுகம் என்றுதான் சொல்வாய், அதனால் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்ட குரல் சுகமான குரல் இல்லை. இதையெல்லாம் போனிலேயே பேசியிருக்கலாம். நீ குறுக்கே பேசுவாய், நான் அழுதுவிடுவேன், கடைசியில் ரெண்டு பேரும் அங்கே குளிரா இங்கே மழையா என்று விசாரித்துவிட்டு வைத்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன். அஞ்சாம் வகுப்புக் கையெழுத்து, கோணலாகத்தான் இருக்கும், முகம் கோணாமல் படி.

உன் மகன் போன வாரம் வந்தான். லாரியைப் பெரிய ரோட்டில் நிறுத்திவிட்டு வந்து சாப்பிட்டான், தூங்கினான், எழுந்து போனான். அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது, அப்படியே அவன் அப்பா மாதிரி. போகும்போது மட்டும், அம்மா நல்லாப் படிக்குதா பாட்டி என்று கேட்டான். உங்கம்மா படிக்குது, நீ முதல்ல அந்த முடிய வெட்டு என்றேன். சிரித்துக்கொண்டே படியிறங்கினான், அந்தச் சிரிப்பு கொஞ்ச நேரம் வீட்டில் இருந்தது. அப்புறம் பழையபடிதான். நேற்று முழுக்க நான் பேசிய ஒரே ஆள் காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர். அவர் நீட்டிய சீட்டில் கையெழுத்தை எவ்வளவு மெதுவாகப் போட முடியுமோ அவ்வளவு மெதுவாகப் போட்டேன். சீக்கிரம் போடுங்கம்மா, கீழ வண்டி நிக்குது என்றார். டிவியை நான் பார்ப்பதில்லை, ஆனால் அணைப்பதும் இல்லை. இதையெல்லாம் உன் மனசு இளகட்டும் என்று எழுதவில்லை. நான் தனியாக இல்லை என்று பொய் சொல்லிவிட்டு அதன் பிறகு உனக்குப் புத்தி சொன்னால் நீ கேட்க மாட்டாய், அதனால் உண்மையை முதலில் வைத்துவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ பேசியது ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, உனக்குத்தான் தெரியுமே. முதலில், அம்மா நீ அங்க ஒத்தையா கிடக்கிற, நான் படிப்ப விட்டுட்டு வந்துடறேன், உன்னை விடவா படிப்பு என்றாய். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறேனா என்று கேட்டாய். அதற்கும் பிறகு, கடையில் மீதிச் சில்லறையை மறந்துவிட்டுத் திரும்பி வருகிறவள் மாதிரி, ஒரு பேப்பர் போயிடுச்சும்மா, ரியல் அனாலிசிஸ்னு ஒண்ணு, அது பெருசா ஒண்ணுமில்ல என்றாய். முதலில் நான், அப்புறம் முழங்கால், அப்புறம் பேப்பர். நடந்தது எந்த வரிசையில் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் போனை வைத்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உன் மெத்தையை எடுத்து மொட்டை மாடியில் வெயிலில் போட்டேன். கீழ்வீட்டு நர்ஸ் என்ன பெரியம்மா மெத்தையெல்லாம் வெயில் காயுது என்று கேட்டபோது, என் பொண்ணு வந்துடறா, ஒரேடியா வந்துடறா என்று சொல்லியும்விட்டேன்.

சாயங்காலம் மெத்தையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு இறங்கும்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. உன்மேல் இல்லை, அந்த ரியல் அனாலிசிஸ்மேல். உனக்குப் பதினெட்டு வயதில் காலேஜில் இடம் கிடைத்தபோது உன் பெரியப்பா இதே கூடத்தில் உட்கார்ந்து, பொட்டப்புள்ள கணக்குப் படிச்சு எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போறா என்று சொன்னதை நான் மறக்கவில்லை. அன்றைக்கு அவர் போட்டிருந்தது பழுப்புக் கட்டம் போட்ட சட்டை, மேல் பட்டன் இல்லை. உன் அப்பா வாயைத் திறக்கவில்லை, அதையும் நான் மறக்கவில்லை, அவர் செத்துப்போனதற்காகத் தள்ளுபடி எல்லாம் கிடையாது. மாப்பிள்ளை போன பிறகு பில் போடுகிற கவுண்டரில் நின்று நின்று கால் வீங்கி, பையனை ஆளாக்கிவிட்டு, தலையில் நரை வந்த பிறகு நீ வெளியூர்க் காலேஜுக்குக் கிளம்பினாய். ஒரு வருஷம் போய்ப் பாக்கறேன் என்றுதான் சொன்னாய். சரி, ஒரு வருஷம்தானே என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அப்புறம் என்ன ஆயிற்று? கால்குலஸ் முடித்தால் அதை விடப் பெரிய கால்குலஸ் ஒன்று பின்னாலேயே வந்தது. லீனியர் ஆல்ஜீப்ரா என்றாய், அது முடிந்தால் போதுமா என்றால், அது இல்லாம குரூப் தியரிக்குள்ள போக முடியாது, குரூப் இல்லாம ரிங் கிடையாது என்றாய். ஒருத்தியைப் பெண் எடுத்தால் அவளுடைய தங்கச்சி, தங்கச்சியின் நாத்தனார், நாத்தனாரின் மாமியார் என்று மொத்தக் குடும்பமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த கதையாக இருந்தது எனக்கு. ஒவ்வொருத்தியும் வந்து என் பெண்ணை இன்னும் கொஞ்ச நாள் பிடித்து வைத்துக்கொண்டாள்.

இந்த ரியல் அனாலிசிஸ் யார், உன்னை விழத்தட்டுகிற அளவுக்கு அவளுக்கு என்ன கொழுப்பு என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். கேட்க வேறு ஆள் இல்லாததால் யாரிடம் போனேன் தெரியுமா? தெருக் கோடி டியூஷன் மாஸ்டரிடம். நாம் ரெண்டு பேரும் வீட்டுக்குள் சாக்பீஸ் என்று சொல்வோமே, அந்த ஆளிடமேதான். நீ எட்டாவது படிக்கும்போது, பூஜ்யத்தால ஏன் சார் வகுக்கக் கூடாது என்று கேட்டதற்கு, ஏன்னு கேட்டா மார்க் வராது, போடுன்னா போடு என்று சொல்லி உன்னைத் தூறலில் வெளியே நிற்கவைத்தவர். அன்றையிலிருந்து அவர் எதிரே வந்தால் நான் தெருவைத் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுவேன், பஸ் வந்தாலும் தாண்டுவேன். அப்படிப்பட்ட நான் அவர் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தவர் பயந்துபோய், யார் வீட்ல என்ன ஆச்சு என்றார். யாருக்கும் ஒண்ணும் ஆகல, என் பொண்ணு ஒரு பேப்பர்ல விழுந்துட்டா, ரியல் அனாலிசிஸ்னா என்னன்னு சொல்லுங்க, உடனே போயிடறேன் என்றேன். உள்ளே கூப்பிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இப்போது அவரிடம் யாரும் படிக்க வருவதில்லை போலிருக்கிறது, கரும்பலகையில் தூசி.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தப்பிருந்தால் அது அவர் தப்பு. முதல் வருஷத்துல கால்குலஸ்னு ஒரு வேலைய கைல குடுத்துடுவாங்கம்மா, எந்த விதிய எங்க போடணும்னு தெரிஞ்சா போதும், விடை வந்துடும். ரெண்டாவது வருஷத்துல ரியல் அனாலிசிஸ் வந்து, அந்த விதியெல்லாம் ஏன் செல்லும்னு கேக்கும். அங்க போடறதுக்கு ஒண்ணுமில்ல, சொல்லணும். ஒரு வரிக்கு அடுத்த வரி ஏன் வந்ததுன்னு சொல்லணும் என்றார். அதாவது மேல்மாடியைக் கட்டிக் குடிவைத்துவிட்டு, அப்புறம் கீழே போய் அஸ்திவாரம் தோண்டச் சொல்கிறார்களா என்று கேட்டேன். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றார். உன் அப்பா கேட்டிருந்தால் சுவர் மட்டம் பார்க்கிற தன் ரசமட்டத்தைத் தூக்கி அந்தக் காலேஜ்மேல் எறிந்திருப்பார், எந்தக் கொத்தனார் அப்படிக் கட்டுவான். முதல்லயே அஸ்திவாரத்தத் தோண்டச் சொன்னா ஒருத்தனும் நிக்க மாட்டான், வீடு எப்படி இருக்கும்னு பாத்தாதான் தோண்ட மனசு வரும் என்று மாஸ்டர் காலேஜுக்காகப் பரிந்து பேசினார். அதற்கு ஓர் உதாரணமும் போட்டார். பலகையில் ஒரு நேர்கோடு இழுத்து, அதற்குக் கீழே ஆரம்பித்து மேலே போய் முடிகிற மாதிரி கையெடுக்காமல் ஒரு வளைவு வரைந்தார். இது அந்தக் கோட்ட எங்கயாவது வெட்டித்தானே ஆகணும் என்றார். ஆமா, கண்ணுக்குத் தெரியுதே என்றேன். ஏன் வெட்டணும்னு நிரூபிக்கச் சொல்லுவாங்க என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதான் பாத்தாலே தெரியுதே, இதுல நிரூபிக்க என்ன இருக்கு என்றேன். அவர் சிரிக்கவில்லை. நானும் அதத்தான் எழுதினேன், படத்தப் பாத்தாலே தெரியுதுன்னு, சைபர் போட்டுட்டாங்க என்றார்.

பாப்பா, அவர் படிப்பை முடிக்கவே இல்லை. வாசல் போர்டில் கணக்கு டியூஷன் என்றுதான் இருக்கும், பெயருக்குப் பின்னால் பட்டம் ஏதும் இருக்காது. ஊரில் எல்லாருடைய கடனையும் கல்யாணத்தையும் ஞாபகம் வைத்திருக்கிற நான் இதை இத்தனை வருஷம் கவனிக்காமல் விட்டிருக்கிறேன் பார். ரெண்டு தடவை அந்தப் பேப்பரில் விழுந்திருக்கிறார். அது போனால் காம்ப்ளக்ஸ் அனாலிசிஸுக்குள் விட மாட்டார்களாம், டோபாலஜிக்குள் போனாலும் இருட்டில் சுவரைத் தடவுகிற மாதிரிதானாம், மேலே உள்ள கதவுகளில் பாதிக்கு அதுதான் சாவியாம். அப்புறம் என்று கேட்டேன். அப்புறம் அம்மாவுக்கு உடம்பு முடியாம போச்சு, வந்துட்டேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அவருடைய அம்மாவை எனக்குத் தெரியும். நீ சின்னவள், உனக்கு ஞாபகம் இருக்காது. எப்போதும் அந்த வீட்டுப் படியில் உட்கார்ந்திருப்பாள். போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும், என் உடம்புதான் என் புள்ள படிப்பத் தின்னுடுச்சு என்று சொல்லுவாள். கடைசிக் காலத்தில் நான் தலை வாரிவிடும்போதுகூட, நான் நோவாம இருந்திருந்தா அவன் இன்னேரம் புரொபசர் என்று சொல்லிச் சொல்லி அழுதாள். டாக்டரிடம் போகச் சொன்னால், அவனுக்கு நான் பண்ணினது போதாதா, இன்னும் செலவு வேறயா என்பாள். அப்படியே போய்ச் சேர்ந்தாள்.

நான் அவரிடம் கேட்டேன், விழுந்தது முதல்லயா, உங்கம்மாவுக்கு முடியாம போனது முதல்லயா என்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விழுந்ததுதான் முதல்ல என்றார். அத அவங்ககிட்ட சொன்னீங்களா என்றேன். அவங்களாவே அப்படி நெனச்சுக்கிட்டாங்க, நான் இல்லைன்னு சொல்லல என்றார். உன்னைத் தூறலில் நிற்கவைத்த கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், இது அதை விடப் பெரிது. இது செத்துப்போன ஒருத்தியின் கோபம், இதற்கு இனிமேல் சொந்தக்காரி நான்தான். ஆனால் கிளம்பும்போது அவர் ஒன்று சொன்னார், அது உனக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன். அனாலிசிஸ் பக்கம் அடைச்சாலும் ஆல்ஜீப்ரா பக்கம் தொறந்துதான் இருக்கும், குரூப்பும் ரிங்கும் அதுக்காகக் காத்துக்கிட்டு நிக்காது, அத நடத்திக்கிட்டே இதத் திரும்ப எழுதலாம், வருஷம் முழுசா போகாது, நான் அது தெரியாம மொத்தத்தையும் மூட்டை கட்டிட்டேன் என்றார். உங்கள் ஊர்க் காலேஜிலும் அப்படித்தானா என்று உன் வாத்தியாரிடம் கூச்சப்படாமல் கேள். இன்னொன்றும் சொன்னார், உங்க பொண்ணு விழுந்ததுல எனக்கு ஆச்சரியமில்லம்மா, ஏன்னு கேக்காதன்னு சொல்லி வளத்தவன் நான்தானே என்றார். ஆமாம் என்றேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ வரலாம். இது உன் வீடு. ரியல் அனாலிசிஸ் என்னைத் தோக்கடிச்சிடுச்சும்மா, இனிமே என்னால முடியாது என்று சொல்லிக்கொண்டு வா, ஒரு கேள்வி கேட்க மாட்டேன், உன் பெரியப்பா வாயைத் திறந்தால் அதை மூடுவதற்கு நான் இருக்கிறேன். ஆனால் எனக்காக வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வராதே. நீ நல்லவள், ஒருநாளும் என் முகத்துக்கு நேரே குத்திக்காட்ட மாட்டாய். குத்திக்காட்டாமல் நீ பில் கவுண்டரிலிருந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருப்பதை நான் தினமும் பார்க்க வேண்டும். அந்தக் கிழவி மாதிரி நானும் படியில் உட்கார்ந்து, என்னாலதான், என்னாலதான் என்று போகிறவர் வருகிறவரிடம் சொல்ல வேண்டும். அந்தத் தண்டனைக்கு இந்தக் காலி வீடு எவ்வளவோ தேவலை. காலி வீட்டில் குற்றவாளி யாரும் இல்லை. நாளைக்கு அந்த நர்ஸிடம், நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன், இப்போதைக்கு வர்றது இல்ல என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லிவிட்டு மேலே ஏறி வருவது கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், அதற்குக் காரணம் முழங்கால் மட்டும் இல்லை. அதெல்லாம் என் பாடு. நீ அதை எடுத்து உன் கணக்கில் கழிக்காதே.

நன்றாகச் சாப்பிடு. பரீட்சைக் காலத்தில் காபியை மட்டும் குடித்துக்கொண்டு கிடக்காதே, முட்டையாவது வேகவைத்துத் தின்னு. காலுக்குச் சாக்ஸ் போட்டுக்கொண்டு தூங்கு. உன்னை விடப் பாதி வயசுப் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருப்பதை நினைத்துக் குறுகிப்போகாதே, அவர்களும் அங்கேதான் விழுகிறார்களாம், கேட்டுத் தெரிந்துகொண்டேன். உனக்கு ஒரு குறையும் வராது, நினைத்தது நிறைவேறும், நீண்ட ஆயுசோடு இருப்பாய், இது அம்மாவின் வாக்கு.

மறந்துவிடாதே, வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது நான் ஒத்தையாக இருக்கிறேனா என்று கேட்காதே. ஒத்தையாகத்தான் இருக்கிறேன், பதில் மாறாது. அதற்குப் பதிலாக நீ தப்பாக எழுதிய கேள்வியில் ஒன்றை எடுத்து, ஒரு வரிக்கு அடுத்த வரி ஏன் வந்தது என்று எனக்குச் சொல்லு. எனக்கு ஒன்றும் புரியப்போவதில்லை. ஒவ்வொரு வரிக்கும் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன், அது எனக்கு நன்றாக வரும். எத்தனை நேரம் ஆனாலும் பரவாயில்லை, எனக்கு வேறு வேலை இல்லை.

இப்படிக்கு,
போனை முதலில் வைக்காத,
உன் அம்மா