முத்திரை குத்தாத விண்ணப்பம்

உவாஜிமா
அக்டோபர் 9

அன்புள்ள ரியோஹெய் அண்ணனுக்கு,

மிஹோ எழுதுகிறேன். இங்கே மூவரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

போன அக்டோபரில் குரலைத் தடியாக்கிக்கொண்டு, கிளப் ஆபீஸ்காரர் மாதிரி, "நாளைக்குப் பத்து மணிக்கு கோட் சூட் போட்டுக்கிட்டு ஆபீசுக்கு வாங்க" என்று உன்னிடம் பேசினேனே, அதை அப்பா அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அப்படி அழைப்பு வந்தால் பேஸ்பால்காரனின் வேலை போயிற்று என்று தெரிந்துதான் பேசினேன். நீ "சரி சார்" என்றாய். நான் சிரித்தேன்.

இந்த வருடம் நிஜ அழைப்பு வந்தபோது, "மிஹோ, குரல் தேறிடுச்சு. போய்ப் பாடத்தைப் படிடி" என்று வைத்துவிட்டாயாம். மறுநாள் சீருடையோடு போய்ப் பந்து வீசிக்கொண்டிருந்தாயாம். மேலாளர் மைதானத்துக்கே வந்து, உன்னை நீக்கிவிட்டதாக எல்லார் முன்னாலும் சொன்னாராம். உன் பந்தைப் பிடிக்கும் நகாசே போனில் சொன்னார். எடுத்தது நான்தான். வைத்துவிட்டு மீதிச் சோற்றைச் சாப்பிட்டேன். அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

ஏழு வருடம். முதல் அணியில் ஐந்தே ஆட்டம். முழங்கை அறுவைக்குப் பிறகு உன்னைப் பயிற்சி ஆட்டக்காரனாக இறக்கி, முதுகில் 61 இருந்த இடத்தில் 122 போட்டார்கள். "அண்ணன் மதிப்பு டபுளாயிடுச்சு" என்றேன். நீயும் சிரித்தாய். இப்போது நினைத்தால் ஒன்றும் தோன்றவில்லை.

ஆரஞ்சு பறிப்பு தொடங்கிவிட்டது. நீக்கப்பட்ட ஆட்டக்காரர்களுக்கு நவம்பரில் நடக்கும் தேர்வுக்கான விண்ணப்பத்தைக் கிளப் நேற்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. மற்ற அணிக்காரர்கள் பார்க்க மூன்று பேருக்குப் பந்து வீச வேண்டும், அவ்வளவுதான். கையெழுத்துக்குப் பதிலாக உன் பெயர் முத்திரையைக் குத்தி, பதினெட்டாம் தேதிக்குள் போய்ச் சேர வேண்டும். அப்பா, "அவன் முத்திரை அலமாரியிலதானே கெடக்கு, குத்தி அனுப்பு" என்றார். அம்மா, "கிழிச்சுப் போடு. அந்தக் கை இன்னும் எத்தனை தடவை அறுபடணும்?" என்றாள். இருவரும் என்னைத்தான் பார்த்தார்கள். மதிப்பெண் அட்டையில் அப்பாவின் முத்திரையைக் குத்துகிறவள் நான்தானே!

மையைத் தொட்டுக் கட்டத்துக்கு மேலே பிடித்தேன். அப்புறம் துடைத்துவிட்டேன். ஒருமுறை ஆபீஸ்காரராக ஆனது போதும். நீயாகவும் ஆக வேண்டாம்.

விண்ணப்பத்தையும் முத்திரையையும் இதோடு வைத்திருக்கிறேன். முத்திரை தொலைந்துவிட்டது என்று வீட்டில் சொல்லியாயிற்று. குத்துவதும் கிழிப்பதும் உன் இஷ்டம். நான் எதையும் கேட்க மாட்டேன்.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். வீசினாலும் வீசாவிட்டாலும், வலது முழங்கையை மூடி வை அண்ணா.

உன் தங்கை
மிஹோ