பட்டியலில் இல்லாத பெயர்

வியாழன், இரவு

சனிக்கிழமை கால்பந்து அரையிறுதி. இந்த சீசன் முழுவதும் எங்கள் கல்லூரிக்காகக் கோலில் நின்றவன் நான். இன்று பயிற்சி முடிந்ததும் கோச் அணிப் பட்டியலைப் படித்தார். கோல்கீப்பர் என்ற இடத்தில் முதலாமாண்டு தினேஷின் பெயர் வந்தது.

"முட்டி வலியாமே ரியாஸ். ரெஸ்ட் எடு," என்றார்.

அந்த வலியைச் செந்திலிடம் மட்டும்தான் சொல்லியிருந்தேன். மூன்று வருடமாக எனக்கு முன்னால் டிஃபென்ஸில் ஆடுகிறவன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றான். தினேஷ் அவனுடைய தம்பி.

துவாக்குடி பஸ் ஸ்டாப்பில் அவனைப் பிடித்தேன்.

"கோச்கிட்ட நீதான் சொன்னியா?"

"ஆமாடா. இந்தக் காலை வச்சுக்கிட்டு எப்படி ஆடுவே?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? உன் தம்பிக்காகவா?"

அவன் பஸ் வந்ததும் ஏறிவிட்டான்.

முட்டி வீங்கித்தான் இருக்கிறது. அதில் அவன் பொய் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

சாப்பிடும்போது அத்தா, "சனிக்கிழமை கடையைச் சாத்திட்டு மேட்ச் பார்க்க வரேன். முடிஞ்சதும் செந்திலையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிட்டு வா," என்றார்.

சரி என்று சொல்லிவிட்டேன்.