பெண் கை படாத கல்

லிந்துலை
7-10-1956

என் மாமா அவர்களுக்கு, அம்மாக்கண்ணு கும்பிட்டு எழுதுவது. நானும் நம் மகன் கணேசமூர்த்தியும் பெருமாள் காவலில் சுகமாக இருக்கிறோம். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இத்தனை வருஷத் தேயிலைமலைக் குளிருக்குப் பிறகு அரியலூர் வெயில் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாது.

நீங்கள் கொடுத்தனுப்பிய கல்லை, வேளாங்கண்ணி போய்த் திரும்பிய நம் பக்கத்துவீட்டுச் செபமாலை அண்ணன் துண்டில் சுற்றி மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தார். நத்தை போலச் சுருண்டு, வரிவரியாக, என்ன வழவழப்பு! அண்ணனுக்கு ஒரே சிரிப்பு. "தங்கச்சி, ஒங்க பெருமாளுக்குக் கப்பல்ல டிக்கட் வாங்கல. தலைமன்னார்ல கஸ்டம்ஸ்காரன் என்னான்னு கேட்டான். மசாலா அரைக்கிற கல்லுன்னுட்டேன். சாமி கோவிச்சுக்குமா?"

"வேதக்காரவுங்க பொய்யெல்லாம் மாதா கணக்குல அண்ணே. எங்க பெருமாள் எழுதிக்க மாட்டாரு" என்றேன்.

அங்கே நம் கொல்லையில் கிணறு வெட்டும்போது கிடைத்தது, பெருமாளின் சக்கரம், பெண் கை படக்கூடாது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியே நடக்கிறேன். பித்தளைத் தட்டில் வைத்திருக்கிறோம். நான் செம்பால் நீர் ஊற்றுவதோடு சரி. எடுத்துத் துடைப்பது மகன். பூச்செலவை வீட்டுச் செலவோடு கலக்காமல் தனிப் பக்கத்தில் எழுதி வருகிறேன்.

உங்கள் அப்பாவின் கருமாதிக்கென்று போய் இரண்டு வருஷம் ஆகிறது. நீங்கள் வருகிறீர்களா, நாங்கள் மாட்டை விற்றுவிட்டு அங்கே புறப்படட்டுமா? எதுவானாலும் சரி, ஒன்றைச் சொல்லுங்கள்.

தங்கள்
அம்மாக்கண்ணு

*

அரியலூர்
22-11-1956

அன்பு அம்மாக்கண்ணுவுக்கு,

கடிதம் கண்டு மனம் நிறைந்தது. மாட்டை விற்றுவிடாதே. இங்கே வீட்டுக்கு இன்னும் கூரை போடவில்லை. நீ வந்தால் எங்கே தங்குவாய்? இலங்கைக்குத் திரும்பும் பெர்மிட்டுக்கு மறுபடி எழுதிப் போட்டிருக்கிறேன். கிடைத்ததும் நானே வந்து என் கையால் சாமிக்குப் பூசை செய்வேன். அதுவரை சுத்தபத்தமாகப் பார்த்துக்கொள். மகன் தேயிலை ஸ்டோரில் வேலைக்குச் சேரட்டும். மழையில் நனைய வேண்டியதில்லை.

உன் அழகுமுத்து

*

லிந்துலை
14-5-1961

என் மாமா அவர்களுக்கு,

இந்தத் தடவை நல்ல செய்தியோடு எழுதுகிறேன். கணேசமூர்த்திக்குத் தலவாக்கலையில் பெண் அமைந்திருக்கிறது. ஐப்பசியில் கல்யாணம். பெண் வீட்டார் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாப்பிள்ளையோட அப்பா வந்து நிப்பாரா?" நிற்பார் என்று சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னது தப்புத்தான். என் சொல்லைக் கீழே விட்டுவிடாதீர்கள்.

மகனுக்கு ஸ்டோரில் அடிக்கடி ராத்திரி முறை. அவன் இல்லாத நாட்களில் சாமி ஈரமாகவே இருக்கிறது. இந்த மழைக்குச் சுழிக்குள் பாசி பிடித்துவிட்டது. ஈர்க்குக் குச்சியால் தள்ளிப் பார்த்தேன், போகவில்லை. தொடாமல் எப்படி எடுப்பது? உங்கள் கை வரட்டும் என்று விட்டிருக்கிறேன்.

தோட்டத்துப் புதுத் துரையின் துரைசாணி, கைக்குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பிராவைப் பார்க்க வந்தவர், நம் வாசல் வழியாகக் கல்லைக் கண்டுவிட்டார். பங்களாவில் குளிர்காயும் கணப்பு மேல் அழகுக்கு வைக்கக் கேட்டார். "சாமிங்க தொரசாணி, குடுக்க ஏலாதுங்க" என்றேன். "சாமி இல்லே. ரொம்ப ரொம்ப பழைய நத்தே" என்று நம் தமிழிலேயே சொல்லிவிட்டுப் போனார். நத்தையைப் படைத்தது மட்டும் வேறு ஆளா?

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்
அம்மாக்கண்ணு

*

அரியலூர்
9-7-1961

அன்பு அம்மாக்கண்ணுவுக்கு,

கல்யாணச் செய்தி சந்தோஷம். வரப் பார்க்கிறேன். பெர்மிட்தான் இழுக்கிறது.

துரைசாணி ஆசைப்பட்டதை எழுதியது நல்லதாயிற்று. ஒரு கல் அனுப்புகிறேன், கொடுத்துவிடு. சிமெந்துக்குச் சுண்ணாம்புக் கல் வெட்டுகிற குழியில் இவை கூடைகூடையாகக் கிடைக்கின்றன. மெருகேற்றி, மரப்பீடம் வைத்து, திருச்சிக் கடைக்குப் போடுகிறேன். பெரிய வீடுகளில் முன்னறைக்கு அழகென்று வாங்குகிறார்கள். மணலும் நீரும் விட்டு நாள்கணக்கில் தேய்க்க வேண்டும். அந்தப் பொறுமை ராசம்மாவைப் போல் யாருக்கும் வராது. உன்னிடம் இருப்பதுதான் அவள் முதன்முதலில் தேய்த்தது.

உன் அழகுமுத்து

*

லிந்துலை
2-10-1961

கணேசமூர்த்தியின் அப்பாவுக்கு,

வேளாங்கண்ணித் திருநாளுக்குப் போன செபமாலை அண்ணன், நான் கேட்டுக்கொண்டபடி அரியலூரில் இறங்கி உங்களைப் பார்த்துவிட்டு வந்தார். நான் கொடுத்த வெறுந்தேத்தண்ணியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"மச்சான் நல்லா இருக்காரு தங்கச்சி."

"வீட்டுக்குக் கூரை போட்டாச்சாண்ணே?"

"ஓட்டு வீடு. போட்டு ரொம்ப காலம் ஆச்சு போல." பிறகு அவராகவே சொன்னார். "ஒரு பொண்ணு கல்லு தேச்சுக்கிட்டு இருந்துச்சு. பக்கத்துல ஒரு பொட்டப்புள்ள. மச்சான அப்பான்னு கூப்புட்டுச்சு."

"என்ன வயசு?"

"நாலு இருக்கும். இத ஒங்கிட்ட சொல்ற நெலம வரக்கூடாதுன்னு மாதாகிட்ட வேண்டிக்கிட்டேன் தங்கச்சி."

"திருநாள் கூட்டத்துல மாதாவுக்குக் கேட்டிருக்காது அண்ணே" என்றேன்.

அழவில்லை என்று எழுதினால் பொய். ஒரு பெண் நாள்கணக்கில் மடியில் வைத்துத் தேய்த்த கல்லை, ஐந்து வருஷம் என் விரல் படாமல் காத்து வந்திருக்கிறேன். பெண் கை படக்கூடாது என்று நீங்கள் எழுதியபோது அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாளா? இதற்குப் பதில் வேண்டாம்.

நேற்றுக் காலை குளித்துவிட்டு வந்து, பெருமாளிடம் சொல்லிவிட்டு, கல்லை இரண்டு கையாலும் எடுத்தேன். நினைத்ததைவிடக் கனம். சுழியோடு சுழியாகக் கட்டைவிரலால் பாசியை வழித்தேன். உள்ளே போகப் போகச் சுழி சிறுத்துக்கொண்டே போகிறது. அங்கேயும் ஒரு சொரசொரப்பு இல்லை. அவ்வளவு உள்ளே அவள் விரல் போயிருக்கிறது. அவள்மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. நாள் முழுக்க நீரில் ஊறினால் கை வெடிக்கும். படுக்கும்முன் விளக்கெண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லுங்கள்.

அண்ணனிடம் நீங்கள் கொடுத்தனுப்பிய கல்லைத் துரைசாணியிடம் கொடுத்துவிட்டேன். கணப்பு மேல் அழகாக இருக்கிறதாம். என் வீட்டில் இருப்பது சாமிதான். பூசை இனி என்னுடையது. உங்கள் கைக்காக அது காத்திருக்கவில்லை.

கல்யாணப் பத்திரிகையில் உங்கள் பெயரை அச்சடித்திருக்கிறோம். மகனுக்கு அது வேண்டும். பெர்மிட்டுக்கு இனி அலைய வேண்டாம். நாங்களும் அங்கே வரமாட்டோம்.

முந்தாநாள் தலவாக்கலைக்கு நானே போனேன். "அவரு வரமாட்டாரு. நான் மட்டுந்தான் நிப்பேன். ஒங்களுக்குச் சம்மதமில்லன்னா இப்பவே சொல்லிடுங்க" என்றேன். பெண்ணின் அம்மா எழுந்து உள்ளே போனார். பாயை எடுத்துவந்து விரித்தார்.

"ஒக்காருங்க சம்பந்தி. சோறு ஆறுது."

இப்படிக்கு,
கணேசமூர்த்தியின் தாயார்
அம்மாக்கண்ணு