இரண்டு இறந்தகாலங்கள்

பிப்ரவரி 10

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். மொழிபெயர்ப்பாளர் தேர்வில் தோற்றுவிட்டேன். ஸ்பானிஷில் இறந்தகாலம் இரண்டு. ஒருமுறை நடந்து முடிந்ததற்கு ஒன்று. அடிக்கடி நடந்ததற்கும் நடந்துகொண்டிருந்ததற்கும் இன்னொன்று. எழுதும்போது சரியாக வருகிறது. எதிரே ஆள் உட்கார்ந்து படபடவென்று பேசினால் குழம்பிவிடுகிறேன். இங்கே மருத்துவமனையில் ஸ்பானிஷ் பேசும் நோயாளிகளுக்கு மொழிபெயர்க்கத் தற்காலிகமாக வேலைக்கு வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் கடைசியில் மறுதேர்வு. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

உங்கள் வாயாடி

பிப்ரவரி 24

வாயாடிக்கு,

பக்குவமாகத்தான் சொன்னேன். உன் அம்மா பக்குவமாகக் கேட்கவில்லை. "போதும், வரச் சொல்லுங்க" என்று ஒரே பாட்டு. எனக்கும் அதுதான் தோன்றுகிறது. நான் பஸ் ஓட்டும் தடத்தில் இருக்கிற பள்ளியில் ஆசிரியர் வேலை காலியாக இருக்கிறது. தலைமையாசிரியை தினமும் என் வண்டியில்தான் ஏறுகிறார். உனக்காக ஜூன் வரை வைத்திருக்கிறாராம். நடந்து முடிந்ததில் எத்தனை வகை இருந்தால் நமக்கென்ன? கிளம்பி வா.

அப்பா

மார்ச் 19

அப்பாவுக்கு,

கோபப்படாமல் படியுங்கள். நேற்று ஒரு பெயிண்டரைத் தூக்கி வந்தார்கள். ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்துவிட்டது. எப்படி விழுந்தார் என்று டாக்டர் கேட்கச் சொன்னார். கேட்டேன். 'மெ மரெயாபா' என்றார் அவர். "தலை சுத்துச்சாம்" என்று சொல்ல வாயெடுத்தவள் சட்டென்று நிறுத்திக்கொண்டேன். விழுந்த அந்த ஒரு தடவை மட்டும் சுற்றியிருந்தால் 'மெ மரெயெ' என்றல்லவா சொல்லியிருப்பார்?

"டாக்டர், இவருக்கு அடிக்கடி தலை சுத்திக்கிட்டு இருந்திருக்கு. இன்னொரு தடவை கேட்கட்டுமா?"

"முதல்ல காலைப் பார்க்கணும்மா. நேரமில்லை."

"ஒரே ஒரு கேள்வி, டாக்டர்."

கேட்டேன். இரண்டு மாதமாகப் படி ஏறினாலே கண் இருட்டுமாம். வேலை போய்விடுமே என்று யாரிடமும் மூச்சு விடவில்லையாம். உடனே இதயத்தைச் சோதித்தார்கள். துடிப்பு நடுநடுவே நின்று நின்று போகிறது! இது தெரியாமல் கால் அறுவைக்கு மயக்கமருந்து கொடுத்திருந்தால் ஆளே எழுந்திருக்காமல் போயிருக்கலாம் என்றார் டாக்டர். இன்று காலை இதயத்துக்குக் கருவி பொருத்திவிட்டார்கள்.

பிழைத்துக்கொண்டார், அப்பா. அவர் மனைவி வெகுநேரம் என் கையை விடவே இல்லை.

பள்ளி வேலை நல்ல வேலைதான். நான் என்ன செய்யட்டும்? நீங்களே சொல்லுங்கள்.

வாயாடி

ஏப்ரல் 2

என் மகளுக்கு,

உன் கடிதத்தை டிப்போவில் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தேன். கண்டக்டர் "இன்னொரு தரம் படிங்கண்ணே" என்றான். அந்த வார்த்தைகள் என் வாயில் நுழையவில்லை. உன் அம்மாவுக்கு அத்துப்படி. "கடைசியில 'பா' வந்தா அடிக்கடின்னு அர்த்தம்" என்று மளிகைக் கடைக்காரருக்குப் பாடம் எடுக்கிறாள். பாவம், அவர் எடைபோடுவதை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றார்.

நீ என்னைக் கேட்டாய். நான் உன்னைக் கேட்காமலே ஒன்று செய்துவிட்டேன். நேற்று தலைமையாசிரியை ஏறியதும், "மேடம், அந்த வேலையை வேற யாருக்காவது கொடுத்துடுங்க. என் பொண்ணு அங்கேயே இருக்கட்டும்" என்றேன்.

"தேர்வுல பாஸ் பண்ணிட்டாளா?"

"இனிமேதான் மேடம் எழுதப் போறா."

மேலே ஏதோ சொல்ல நினைத்தேன். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டேன்.

அப்பா