ஐந்தாவது பாட்டைப் பாடியவர்

ஜூலை 8, 1997. செவ்வாய்

காலையிலிருந்து சாரல். குடை அலுவலகத்தில்.

ஞாயிறு இணைப்புக்குப் புதுத் தொடர். பாப் பாடகர்கள் எப்படிப் பெயர் பெற்றார்கள். முதல் வாரம் நம்மூர்ப் பெண், அன்னூர் சுகந்தி. இரண்டு கேசட் வந்தாயிற்று, கேபிள் டிவியில் தினமும் முகம். "உங்க கண்டுபிடிப்புதானே, நீங்களே எழுதுங்க" என்றார் ஆசிரியர்.

மூன்று வருடம் முன்பு, ஒரு மில் மண்டபம். உள்ளூர் இளைஞர்களின் பேண்டு. ஐந்தாவது பாட்டின் நடுவில் மின்சாரம் போயிற்று. கிதார் நின்றது, மைக் நின்றது, விளக்கும் போனது. பாடிய பெண் மட்டும் நிறுத்தவில்லை. மேடையில் முகம் தெரியாத தூரம், கதவோரம் நின்று இருட்டில் கேட்டேன். அலுவலகத்தில் பக்கம் முடிக்கும் நேரம், பாட்டு முடிந்ததும் கிளம்பிவிட்டேன். மறுநாள் நான்கு பத்தி. அதைப் படித்துத்தான் சென்னை கேசட் கம்பெனி சுகந்திக்குக் கடிதம் போட்டது.

இன்று இரண்டு கேசட்டையும் மறுபடி கேட்டேன். நல்ல குரல். அன்று கேட்டது இதில் இல்லை. ஸ்டுடியோவில் குரலை மெருகேற்றிக் கெடுத்துவிடுகிறார்கள் என்று இத்தனை நாளும் சமாதானம். அந்தக் குரலை இன்னும் ஒரே ஒருமுறை கேட்டால் போதும்.

நாளை: டேப்புக்கு பேட்டரி. ஏழு மணி அன்னூர் பஸ். செருப்பு தைக்க.

ஜூலை 9. புதன்

பஸ்ஸில் நின்றபடியே. செருப்பு தைக்கவில்லை.

சுகந்தி நேற்றுதான் சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். அப்பா கரும்பு விவசாயம். பெரிய டம்ளரில் மோர். "ஏனுங்க, நீங்க மட்டும் எழுதலீன்னா இவ இந்நேரம் ரெண்டு புள்ளைக்கு அம்மாளுங்க. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க பாத்துட்டுப் போன வாரந்தான் அந்தக் கடுதாசி வந்துச்சு." சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

கரண்ட் போன கதையைக் கேட்டேன். டிவியில் சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசை. வழக்கமான சில்லறைக் கேள்வி ஒன்று போட்டேன்: அப்போது டிரம்ஸ் நின்றதா, தொடர்ந்ததா?

அப்பா மோட்டார் போடத் தோட்டத்துக்குப் போகும்வரை வேறு பேச்சு பேசினாள். பிறகு, "டேப்ப நிறுத்துங்க சார்."

நிறுத்தினேன்.

"அது நானில்லீங்க. எனக்கு பஸ் லேட்டு. என்ற எடத்துல ரீட்டா பாடுனா, எங்க பேண்டுல இருந்த இன்னொரு பொண்ணு. நா வந்து சேந்தப்ப கரண்டே வந்திருச்சு. கடைசியாத்தான் பாடுனேன்."

நிகழ்ச்சி நிரலைப் பார்த்து எழுதியிருக்கிறேன். ஐந்து: சுகந்தி. அச்சடித்த தாளை நம்பாதே, ஆளிடம் பெயர் கேள் என்று புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் சொல்கிறவன் நான்.

"எழுதிருங்க சார். நானாச் சொல்ல வாய் வரமாட்டீங்குது" என்றாள். வாசல்வரை வந்தவள், "ஒரு வாரம் கழிச்சு எழுதுனா ஆவாதுங்களா? சனிக்கெழம கம்பெனிக்காரங்க வர்றாங்க, மூணாவது கேசட்டுக்குக் கையெழுத்து."

ஆகும், ஆகாது, எதுவும் சொல்லாமல் வந்துவிட்டேன்.

ஜூலை 10. வியாழன்

ஒரு வரியும் எழுதவில்லை. தலைவலி மாத்திரை இரண்டு.

ஆசிரியரிடம் சொன்னேன். "மூணு வருஷம் கழிச்சுத் திருத்தமா? நம்ம பேப்பர்ல செத்துட்டார்னு தப்பாப் போட்டவரையே நாலு நாள்ல உயிரோட கொண்டு வந்துட்டமே" என்றார். டீ வந்ததும், "அந்தப் பொண்ணு பொழப்பையும் பாருங்க. உங்க பேரையும் பாருங்க."

இரண்டையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவதாக ஒருத்தி. அவள் எங்கே என்றுகூடத் தெரியாது.

மாலை: பேண்டில் கிதார் வாசித்த பையனை ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் பிடித்தேன். ரீட்டா பெரியநாயக்கன்பாளையத்தில், பம்பு கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட்.

ஜூலை 11. வெள்ளி

தூறல். பெரியநாயக்கன்பாளையம். மதியச் சாப்பாட்டு நேரம், கம்பெனி வேப்பமரத்தடி பெஞ்ச். ரீட்டா. இருபத்தைந்து இருக்கும். டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம்.

நான் யார் என்று சொன்னேன். என் தவறையும் சொன்னேன்.

"அடுத்த நாளே பேப்பர்ல பாத்தனுங்க. எங்கம்மா உங்க ஆபீசுக்கே போலாம்னாங்க. இன்னைக்கு நாளைக்குன்னு இருக்கைல சுகந்தி வந்து அழுதுபோட்டா. அந்தக் கடுதாசியக் காட்டித்தான் கல்யாணத்த நிறுத்துனாளாம். அப்புறம் நா என்னத்தச் சொல்ல?"

இப்போது பாடுவதுண்டா?

"ஞாயித்துக்கெழம மாதா கோயில்ல. கூட்டத்தோட கூட்டமா."

இந்த ஞாயிறு இணைப்பில் எழுதட்டுமா என்றேன். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அது உங்க இஷ்டமுங்க. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னைக்கு எப்படிக் கேட்டுச்சு? பாடறவளுக்கு அது தெரியாதுங்க. கேட்டவீங்க எல்லாருமே பேப்பரப் பாத்துட்டு அவகிட்டத்தான் சொல்லிப்போட்டாங்க."

சொன்னேன். இருட்டானதும் முதல் அடியில் சின்ன நடுக்கம். இரண்டாவது அடியில் இல்லை. மைக் இல்லையென்று கத்தவில்லை, குரலைத் தணித்தாய். அதனால் எல்லோரும் முன்னால் சாய்ந்தோம், நாற்காலிகள் கிரீச்சிட்டு அடங்கின. வெளியே சைக்கிளை எடுக்கப் போனவர் ஸ்டாண்டைத் தள்ளாமல் நின்றுவிட்டார்.

"அப்புறம்?"

உச்சத்துக்குப் போகும்போது அவசரமே இல்லை. பிறந்த வீட்டுக்குள் நடப்பதுபோல் இருந்தது.

"அப்புறம்ங்க?"

மணி அடித்துவிட்டது. பாதி சாதத்தோடு பாக்ஸை மூடிக்கொண்டு உள்ளே போனாள். பாடச் சொல்லிக் கேட்க வந்தவன், கேட்கவில்லை.

ஜூலை 12. சனி

மழை விட்டது. செருப்பு தைத்தாயிற்று.

ஒன்பது மணிக்கு சுகந்திக்கு போன். நாளையே வருகிறது என்றேன். "அப்ப கையெழுத்துக்கு முந்தி கம்பெனிக்காரங்ககிட்ட நானே சொல்லிப்போடறனுங்க." சொன்னாளா, தெரியாது.

கட்டுரை கொடுத்தாயிற்று. மூன்றாவது பத்தி: அன்று பாடியவர் ரீட்டா. பெயரை விசாரிக்காமல் எழுதிய தவறு இந்த நிருபருடையது. பத்தியைக் கடைசிக்குத் தள்ளலாமா என்றார் ஆசிரியர். மூன்றாவதிலேயே இருக்கட்டும் என்றேன். அவர் முகம் கொடுக்கவில்லை, ஆனால் பத்தியில் கை வைக்கவுமில்லை.

ஆறேகால். டெலிபோன். பின்னால் லாரிச் சத்தம், ஏதோ பூத்திலிருந்து. ரீட்டா.

"சார், எங்கூருக்கு நாளைக்குப் பேப்பர் எத்தன மணிக்குங்க வரும்?"

முதல் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் பேப்பர் கட்டு இறங்கும், ஐந்தரைக்கு, என்றேன்.

"பஸ் ஸ்டாப்புலயே நின்னா வாங்கிக்கலாங்களா?"

ஆமாம் என்றேன்.